மாற்றுக் கருத்துக்கு மதிப்பெண் உண்டா?

கேள்வி: என் மகள் சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறாள். இட ஒதுக்கீடு குறித்து ஆசிரியர் ஒரு தரப்பை மட்டுமே பேசுகிறார் என்றும், மாற்றி எழுதினால் மதிப்பெண் குறையும் என்று வகுப்பே அஞ்சுகிறது என்றும் சொல்கிறாள். எல்லாக் கருத்தினரையும் ஆசிரியர்களாக நியமிக்குமாறு அரசே உத்தரவிட்டால் என்ன?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: தங்கள் மகளின் அச்சம் நியாயமானது, ஆனால் தாங்கள் கேட்கும் மருந்து நோயைவிடக் கொடியது. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு, ஆசிரியர்களிடையே கருத்துப் பன்மை உள்ளதா என்று வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்யவும், குறையுள்ள துறைகளில் புதியவர்களை நியமிக்கவும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைக் கேட்டது. பல்கலைக்கழகம் மறுத்ததும் அதற்கான சுமார் 220 கோடி டாலர் நிதியை அரசு முடக்கியது. அந்த நடவடிக்கை பேச்சுரிமையை மீறியது என்று செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருடைய கருத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளக்கும் அதிகாரம் ஓர் அரசிடம் போனால், அடுத்து வரும் அரசும் அதே அதிகாரத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்தும்.

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2015 மே மாதம், பெயரில்லாத ஒரு புகார்க் கடிதத்தை மத்திய அமைச்சகம் அனுப்பிவைத்ததைத் தொடர்ந்து, சென்னை ஐஐடி, அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தை நீக்கியது. எதிர்ப்பு வலுத்தபின் ஜூனில் அதைத் திரும்ப வழங்கியது.

இதனால் ஆசிரியருக்குப் பொறுப்பில்லை என்றாகிவிடாது. அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் வகுத்த 1940ஆம் ஆண்டு அறிக்கை, வகுப்பறையில் தம் பாடத்தை விவாதிக்க ஆசிரியருக்கு உரிமை தரும் அதே இடத்தில், பாடத்துக்குத் தொடர்பற்ற சர்ச்சைகளை நுழைக்காதிருக்கவும் சொல்கிறது. இட ஒதுக்கீடோ பாடத்தின் நடுவிலேயே இருக்கும் சர்ச்சை. ஆசிரியர் தம் நிலைப்பாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாதி, மத வாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாததாக்கிய 1951ஆம் ஆண்டு செண்பகம் துரைராஜன் தீர்ப்பையும், இட ஒதுக்கீட்டுக்கு மீண்டும் வழிவிட்டு அதே ஆண்டு வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தத்தையும், 50 சதவீத வரம்பை வலியுறுத்திய 1992ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும், தமிழகத்தின் 69 சதவீத ஒதுக்கீட்டையும், இரு தரப்பின் வலுவான வாதங்களோடு மாணவர் முன் வைத்தாக வேண்டும்.

உண்மையில் சுதந்திரம் சோதிக்கப்படும் இடம் விடைத்தாள்தான். அக மதிப்பெண் ஒரே ஆசிரியர் கையில் இருக்கும் வரை, கருத்துரிமை பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் மாணவி ஆசிரியரின் குறிப்பையே திருப்பி எழுதுவாள். ஆகவே, கருத்துக்கு அன்றி ஆதாரத்துக்கும் தர்க்கத்துக்கும் மதிப்பெண் தரும் அளவுகோலை முன்கூட்டியே வெளியிடவும், பெயர் மறைத்த கட்டுரைகளை இரண்டாவது ஆசிரியரும் திருத்தவும் துறைத் தலைவரிடம் மாணவர்கள் சேர்ந்து எழுத்துப்பூர்வமாகக் கேட்கட்டும். அவர்களில் ஆசிரியரின் கருத்தோடு உடன்படுபவர்களும் கையெழுத்திட்டால் அந்த மனுவுக்கு வலு கூடும்.