ஓசிப் பயணம்

கேள்வி: 16 டாலருக்கு ஆரஞ்சு ஜூஸ் குடித்த அமைச்சர், இரவுக்கு 6,000 டாலர் அறையில் தூங்கிய பிரதமர், விமானத்திலேயே விருந்து சாப்பிட்ட கவர்னர் ஜெனரல்... நம் வரிப்பணத்தில் ஓசியில் ஊர் சுற்றும் இவர்களைத் திருத்தவே முடியாதா? உங்கள் பத்திரிகையாவது தோலுரிக்கக் கூடாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஸ்கார்பரோ

பதில்: முதலில் அந்த ‘ஓசி’யை எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கம்பெனி வேலையாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கூலி கிடையாது, உறையில் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள், அந்த ஓ.சி.தான் நம் வாயில் ஓசியாகிவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் இதை இதே பக்கத்தில் எழுதப்போய், ஒரு தமிழாசிரியர் மூன்று கடிதம் போட்டு என்னை வறுத்தெடுத்தார். ஓசி சுத்தமான பழந்தமிழ்ச் சொல் என்று நாலாவது கடிதத்தில் நிரூபிப்பதாகச் சொல்லியிருந்தார். நாலாவது கடிதம் இன்னும் வரவில்லை. அதுவரை என் விளக்கமே நிற்கும். கம்பெனி முத்திரை விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது கவர்னருக்கு எழுதியதா, மாமியாருக்கு எழுதியதா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? கனடாவின் தலைநகர் ஒட்டாவாவிலும் இதே கதைதான். ‘அரசுமுறைப் பயணம்’ என்ற உறைக்குள்ளே வேலை எவ்வளவு, சொகுசு எவ்வளவு என்பதில்தான் எல்லாத் தகராறும்.

சரி, ஜூஸுக்கு வருவோம். 2011 ஜூன், லண்டன். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட நிதி திரட்டும் மாநாடு. போனவர் கனடாவின் அப்போதைய சர்வதேச ஒத்துழைப்பு அமைச்சர் பெவ் ஓடா. மாநாடு நடந்த ஓட்டலிலேயே அறை போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அம்மையாருக்கு அது சரிப்படவில்லை, சவோய் ஓட்டலுக்கு மாறினார், இரவுக்கு 665 டாலர். விட்டுவந்த அறைக்கு ரத்துக் கட்டணம் தனி, லிமோசின் தனி. மறு வருஷம் ஏப்ரலில் கணக்கு வெளியே வந்தபோது இத்தனையையும் விட்டுவிட்டு நாடே பிடித்துக்கொண்டது அந்த 16 டாலர் ஜூஸை. பணத்தைத் திருப்பிக் கட்டினார், நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், ஜூலையில் பதவி விலகுவதாக அறிவித்தார்.

எனக்கு இதில் வயிறெரிவது வேறு இடத்தில். இதே பெவ் ஓடாதான் அதற்கு முன்னால் ஒரு இடைச்செருகல் விவகாரத்தில் மாட்டியவர். கைரோஸ் என்ற தேவாலயங்களின் உதவி அமைப்புக்கு ஏறத்தாழ 70 லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று அதிகாரிகள் பரிந்துரைத்துக் கையெழுத்தும் போட்டிருந்த கோப்பில், யாரோ பேனாவால் ஒரு ‘வேண்டாம்’ செருகி, அர்த்தத்தையே தலைகீழாக்கிவிட்டார்கள். யார் செருகியது என்று நாடாளுமன்றக் குழுவில் கேட்டபோது தெரியாது என்றார். 2011 பிப்ரவரியில், தான் சொல்லித்தான் செருகப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். நம் ஊரில் ஏடுகளில் இடைச்செருகல் கண்டுபிடிப்பதற்கென்றே ஆயுளைக் கழித்த புலவர்கள் இருந்தார்கள், அவர்களிடம் அந்தக் கோப்பைக் கொடுத்திருந்தால் மை காய்வதற்குள் சொல்லியிருப்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்காக அவர் பதவி போகவில்லை, அடுத்த தேர்தலில் ஜெயித்து மறுபடியும் அமைச்சரானார். மூழ்கடித்தது ஒரு டம்ளர் ஜூஸ். ஏனென்றால் 70 லட்சம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜூஸ் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்.

இதைவிடச் சின்னது 2005இல் நடந்தது. கனடா நாணயச்சாலையின் தலைவர் டேவிட் டிங்வால், செலவுக் கணக்கில் 1 டாலர் 29 காசுக்கு ஒரு சூயிங்கம். நாணயம் அச்சடிக்கிற இடத்தின் தலைவருக்கு நாணயத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் யார் விடுவார்கள்? பதவி விலகினார், நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வந்து ‘எனக்கு உரியதற்கெல்லாம் எனக்கு உரிமை உண்டு’ என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைச் சொன்னார், அது இன்றைக்கும் அவரைத் துரத்துகிறது. பிறகு வந்த தணிக்கை, கணக்கு பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றது. அதை யார் படித்தார்கள்? மென்று துப்பியாகிவிட்டது.

நீங்கள் சொல்லும் 6,000 டாலர் அறைதான் எனக்குப் பிடித்தமானது, ஏன் என்று சொல்கிறேன். 2022 செப்டம்பர், எலிசபெத் மகாராணியின் இறுதிச் சடங்கு. கனடாக் குழு லண்டன் கொரிந்தியா ஓட்டலில் தங்கியது, ஓட்டல் செலவு மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டாலர். அதே ஓட்டல் வரவேற்பறையில் பியானோ பக்கத்தில் நின்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பாடிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் அந்த 6,000 டாலர் அறையில் படுத்தது யார் என்று கேட்டபோது மட்டும் மாதக்கணக்கில் பதில் இல்லை. பாடியது தெரியும், படுத்தது ராணுவ ரகசியம்! கடைசியில் பிரதமர்தான் என்று தெரியவந்தது. அதுவரை, அன்பரே, அந்த அறைக்காரரும் உங்களைப் போலவே பெயர் வெளியிட விரும்பாதவராகத்தான் இருந்தார்.

கவர்னர் ஜெனரல் மேரி சைமனின் விமானச் சாப்பாட்டுக்கு (2022 மார்ச், துபாய்ப் பக்கம் போன 8 நாள் பயணம்) 80,000 டாலருக்கு மேல் ஆனது உண்மை. பாத்திரம் கழுவிய கூலியும் அதில் சேர்த்தி என்று அதிகாரிகள் விளக்கினார்கள், அந்தப் பாத்திரங்களைப் பார்க்க எனக்கு ஆசை. கட்சி வேறுபாடெல்லாம் இதில் கிடையாது. 2012இல் கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் இந்தியா போனபோது குண்டு துளைக்காத கார்களை ராணுவ விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், 10 லட்சம் டாலருக்கு மேல். 2018இல் லிபரல் கட்சியின் ட்ரூடோ போனபோது டெல்லியில் விருந்து சமைக்க வான்கூவரிலிருந்து விக்ரம் விஜ் என்ற சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஏறத்தாழ 17,000 டாலர். திருநெல்வேலிக்கே அல்வா கேள்விப்பட்டிருக்கிறேன், இது டெல்லிக்கே குருமா.

ஓசி வேண்டாம் என்றவர்கள் கதை இன்னும் ருசி. ரிஃபார்ம் கட்சியின் பிரெஸ்டன் மேனிங், எதிர்க்கட்சித் தலைவருக்கான ஸ்டோர்னவே மாளிகையை பிங்கோ ஆடும் கூடமாக மாற்றி நாட்டின் கடனை அடைக்கலாம் என்றார். 1997இல் அவரே எதிர்க்கட்சித் தலைவரானார், மாளிகைக்கும் குடிபோனார். பிங்கோ நடந்ததாகத் தகவல் இல்லை. 2025 ஏப்ரலில் கன்சர்வேட்டிவ் தலைவர் பியர் பொலியேவ் தன் சொந்தத் தொகுதியில் தோற்றார், எம்.பி.யே இல்லை, ஆனாலும் ஆகஸ்டில் ஆல்பர்ட்டாவில் இடைத்தேர்தலில் ஜெயித்து வரும்வரை குடும்பத்தோடு அதே வீட்டில்தான் இருந்தார். நாலு மாதத்துக்காகச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருவதற்கு ஆகும் செலவு அதிகம் என்பார்கள். இருக்கலாம். வாடகை வீட்டில் இருக்கும் என் வாசகர்களுக்கு எந்த வீட்டுக்காரரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆனால் உங்களைப் போலக் கேட்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பிரதமரின் அதிகாரப்பூர்வ வீடு ஒட்டாவாவில் 24, சசெக்ஸ் டிரைவ். 2015இல் ஹார்ப்பர் காலி செய்த பிறகு அங்கே எந்தப் பிரதமரும் குடியிருக்கவில்லை. அப்பாவும் பிரதமராக இருந்ததால் ட்ரூடோ சின்ன வயதில் ஓடி விளையாடிய வீடு அது, அவரே போகவில்லை, அவருக்கு அடுத்து பிரதமரான மார்க் கார்னியும் ரிடோ காட்டேஜ் என்ற வேறொரு அரசு வீட்டில்தான். சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ், பழைய மின்கம்பி, செத்த எலிகள். 2022இல் வீட்டையே மூடிவிட்டார்கள். சரிசெய்ய 3 கோடியே 66 லட்சம் டாலர் ஆகும் என்று 2021இல் கணக்குச் சொன்னார்கள். 2008இல் கணக்குத் தணிக்கையாளர் சொன்னபோது அது ஏறத்தாழ 1 கோடி. ஏன் அப்போதே செய்யவில்லை? செய்தால் மறுநாள் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் ‘நம் வரிப்பணத்தில் குளியலறை கட்டுகிறான்’ என்று எழுதுவார். 16 டாலருக்கு ஒரு பதவி போகிற ஊரில் கூரையை மாற்ற எந்தப் பிரதமருக்குத் தைரியம் வரும்? ஜூஸுக்குப் பயந்து பயந்து வீட்டை எலிக்கு விட்டுவிட்டார்கள். அங்கே 1975இல் அப்பா ட்ரூடோவுக்காக ஒரு நீச்சல் குளம் கட்டினார்கள், வரிப்பணம் ஒரு காசு இல்லை, எல்லாம் நன்கொடை. கொடுத்தவர்கள் யார்? பெயர் வெளியிட விரும்பாதவர்கள். எனக்கென்னவோ அந்தக் குளம்தான் ஜூஸைவிடப் பெரிய கவலை. வரிப்பணத்தில் கட்டினால் ஜனங்களுக்குப் பதில் சொன்னால் போதும்.

நம் ஆட்கள் மட்டும் என்ன? நான் பொருளாளராக இருந்த ஒரு சங்கத்தின் விழாவுக்கு ஊரிலிருந்து பேச்சாளர் ஒருவரை வரவழைத்தோம். தனக்கும் மனைவிக்கும் டிக்கெட், நயாகரா, அவுட்லெட் மாலில் இரண்டு நாள், எல்லாம் தமிழ்ப்பணி என்ற முத்திரையில். மேடையில் பேசியது எளிமையைப் பற்றி, ஒன்றரை மணிநேரம். போர்த்திய பொன்னாடையைக் காரிலேயே விட்டுவிட்டுப் போனார், அதை அடுத்த மூன்று விழாவுக்குப் பயன்படுத்தினோம், சங்கத்துக்கு அந்த வருஷம் வந்த ஒரே வரவு அதுதான். கணக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்டலாம் என்றேன். பொருளாளர் பதவி போயிற்று. இந்த இதழை நீங்கள் சந்தா கட்டிப் படிக்கிறீர்களா, மளிகைக் கடை வாசலில் நின்று படிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை, கவனிக்கவும்.

திருத்த முடியாதா என்று கேட்டீர்கள். 5 டாலர் கட்டினால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கனடாவில் இருக்கும் யாரும் கேட்கலாம், கொரிந்தியா போன்ற கணக்குகளை நோண்டி எடுத்தவர்கள் இப்படி விடாமல் கேட்டவர்கள்தான். 5 டாலரும் செலவழிக்க மனமில்லை என்றால் உங்கள் எம்.பி.க்கு நேரே எழுதுங்கள். ஒட்டாவாவில் ஹவுஸ் ஆஃப் காமன்ஸ் முகவரிக்கு எழுதும் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்ட வேண்டாம், சுத்தமான, அசல், கம்பெனி காலத்து ஓசி. ஆனால் பதில் வேண்டுமென்றால் உறையின் பின்னால் உங்கள் பெயரை எழுத வேண்டியிருக்கும்.