சினைப்பையில் சாக்லேட் கட்டி: மாத்திரையா, அறுவையா, குழந்தைக்கான முயற்சியா?

கேள்வி: எனக்கு வயது 31. கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைக்கு முயல்கிறோம். மாதவிடாயின் முதல் இரண்டு நாட்கள் கடுமையான வலி, தாம்பத்தியத்தின்போதும் வலிக்கிறது. ஸ்கேனில் இடது சினைப்பையில் 4.2 செ.மீ. அளவில் சாக்லேட் கட்டி இருக்கிறது என்றார்கள். கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏ.எம்.ஹெச். 1.4 நானோகிராம். ஒரு மருத்துவர் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையை ஆறு மாதம் சாப்பிடச் சொல்கிறார். இன்னொருவர் உடனே லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியான அறுவை) செய்து கட்டியை எடுத்துவிட வேண்டும் என்கிறார். குழந்தை உண்டானால் கட்டி தானாகக் கரைந்துவிடும் என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது? வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் பேருந்தில் போனால் கட்டி உடைந்துவிடுமா?
– வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேருந்துப் பயணத்தாலோ அன்றாட வேலையாலோ இந்தக் கட்டி உடைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் திடீரென்று அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, வாந்தி, மயக்கம் அல்லது காய்ச்சல் வந்தால், மலையில் இருந்தாலும் சமவெளியில் இருந்தாலும், தாமதிக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கருப்பையின் உட்புறத்தில் இருக்க வேண்டிய படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதையே எண்டோமெட்ரியோசிஸ் என்கிறோம். அது சினைப்பையில் வளர்ந்து, மாதந்தோறும் கசியும் ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கிப் பழுப்பு நிறக் குழம்பாகும்போது சாக்லேட் கட்டி உருவாகிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இது அபூர்வ நோயும் அல்ல, நீங்கள் செய்த எதனாலும் வந்ததும் அல்ல.

இனி மாத்திரைக்கு வருவோம். டைனோஜெஸ்ட் வலியைக் குறைக்கும், பலருக்குக் கட்டியின் அளவையும் குறைக்கும், நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிடும் காலத்தில் பெரும்பாலும் கருமுட்டை வெளியாவதில்லை. குழந்தைக்கு முயலும் ஒருவர் ஆறு மாதம் இதைச் சாப்பிட்டால், வலி குறைந்த ஆறு மாதங்கள் கிடைக்குமே தவிர, மாத்திரையை நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு அதனால் கூடுவதில்லை. 2022ஆம் ஆண்டு வெளியான ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும், கருத்தரிப்பு வாய்ப்பை அதிகரிப்பதற்காக இத்தகைய ஹார்மோன் சிகிச்சையைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. உங்கள் வலியை மட்டும் கேட்டறிந்த மருத்துவர் இதை எழுதியிருக்கலாம். குழந்தைக்கு முயல்கிறீர்கள் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்குதான் அவசரம் அதிகம் நடக்கிறது. சாக்லேட் கட்டியின் உறை சினைப்பைத் திசுவோடு ஒட்டியிருப்பதால், எவ்வளவு தேர்ந்த கை உரித்தெடுத்தாலும் அதனுடன் கருமுட்டைகள் உள்ள நல்ல திசுவும் ஓரளவு வந்துவிடும். ரத்தக் கசிவை நிறுத்தச் சூடு வைக்கும்போது இன்னும் கொஞ்சம் சேதமாகும். அறுவைக்குப் பின் ஏ.எம்.ஹெச். அளவு குறைவது பல ஆய்வுகளில் பதிவான உண்மை. உங்கள் 1.4 என்பது அபாயமான அளவு அல்ல என்றாலும், தாராளமாகச் செலவழிக்கக்கூடிய இருப்பும் அல்ல. மறுபக்கம், உறையோடு கட்டியை அகற்றிய பிறகு இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு சிலருக்குக் கூடுகிறது, வலியும் குறைகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஊசி வைத்து உள்ளிருப்பதை உறிஞ்சி எடுப்பதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. உறை அப்படியே இருப்பதால் கட்டி மீண்டும் நிரம்பிவிடுகிறது, தொற்று ஏற்படும் ஆபத்தும் உண்டு.

ஆனால் இந்த முடிவுகளுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டிய ஒன்று உங்கள் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. உங்கள் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்தது பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு ஆண்டுகள் முயன்ற தம்பதியரில் மனைவிக்கு மட்டும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, அறுவை ஆலோசனை வரை நடந்துவிட்டு, கணவருக்கு ஒரு எளிய பரிசோதனைகூடச் செய்யப்படாதிருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். இது மாற வேண்டிய வழக்கம். இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவின்றி இருந்து மாதிரி கொடுத்தால் போதும். அடுத்து, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனை. கட்டி இருப்பவர்களுக்கு இதில் தொற்று வராமல் கவனம் தேவை என்பதால், கட்டி இருப்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள். தானாகவே மறைந்துவிடக்கூடிய சாதாரண ரத்தக் கட்டியும் ஸ்கேனில் சாக்லேட் கட்டி போலவே தோன்றக்கூடும். இதுவரை ஒரே ஒரு ஸ்கேன்தான் எடுத்திருக்கிறீர்கள் என்றால், இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் எடுத்து உறுதி செய்வது நல்லது. முதல் கட்ட ஆலோசனைக்கு உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவை அணுகலாம்.

விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தாலோ, இரு குழாய்களும் அடைபட்டிருந்தாலோ, நேரே ஐ.வி.எஃப். (கருமுட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவுறச் செய்யும்) சிகிச்சைக்குச் செல்வதே பொருத்தம். அதற்கு முன் வெற்றி வாய்ப்பைக் கூட்டுவதற்காகவே கட்டியை எடுப்பதால் பயன் கூடுவதாகத் தெரியவில்லை. இரண்டும் சரியாக இருந்தால், உங்கள் வயதில் சில மாதங்கள் கருமுட்டை வளர்ச்சிக்கான மாத்திரையுடன் முயல்வது ஒரு வழி. ஆனால் சினைப்பையில் கட்டி வந்துவிட்ட நிலையில் அதை நெடுங்காலம் இழுத்துக்கொண்டே போவது எனக்கு உடன்பாடல்ல. தாங்க முடியாத வலி நீடித்தாலோ, கட்டி வேகமாகப் பெரிதானாலோ, ஸ்கேனில் கட்டியினுள் திடமான பகுதியும் ரத்த ஓட்டமும் தெரிந்தாலோ, கருமுட்டை எடுக்கும் ஊசி செல்லும் வழியைக் கட்டி மறைத்தாலோ அறுவை நியாயமானது. அப்போதும் எண்டோமெட்ரியோசிஸ் அறுவையில் தேர்ச்சி பெற்றவரிடமே செய்துகொள்ளுங்கள். கருமுட்டையையோ கருவையோ முன்னதாக உறைநிலையில் சேமிக்க வேண்டுமா என்றும் அவரிடம் கேளுங்கள்.

ஐ.வி.எஃப். என்று முடிவானால் மலையில் இருப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கருமுட்டை முதிர்வதற்கான கடைசி ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்திற்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். அந்த நேரம் தவறினால் முழு முயற்சியும் வீணாகும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவால் போக்குவரத்து நிற்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே அந்தச் சில நாட்கள் கோவையிலேயே தங்கிக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும் மையம் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்பதையும் விசாரியுங்கள்.

வலிக்கு, மாதவிடாய் நாட்களில் உணவுக்குப் பின் மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் வேண்டாம். கருமுட்டை வெளியாகும் நாட்களில் இவ்வகை மாத்திரை முட்டை வெளியேறுவதைத் தடுக்கக்கூடும் என்பதால், அப்போது பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாம்பத்திய வலியால் உறவையே தவிர்க்கும் தம்பதியர் பலர். 28 நாள் சுழற்சி உள்ளவர்கள் 10ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒருநாள் இணைந்தாலே போதும். மாதம் முழுவதும் வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் இப்போதே தொடங்குங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் வலி பெரும்பாலும் அடங்கும், கட்டியும் பலருக்குச் சுருங்கும். ஆனால் நோய் குணமாகிவிடுவதில்லை, மாதவிடாய் திரும்பியபின் அறிகுறிகளும் திரும்பக்கூடும். கர்ப்பத்தில் சில நேரம் கட்டியின் தோற்றம் மாறி, ஸ்கேன் எடுப்பவருக்குப் புற்றுநோய்ச் சந்தேகத்தைத் தரலாம். அதனால் கரு உண்டானதும் எடுக்கும் முதல் ஸ்கேனுக்கு இப்போதைய ஸ்கேன் அறிக்கையையும் கொண்டுசெல்லுங்கள்.