மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பி வர மறுபடி ஞானஸ்நானம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சகோதரி. ராயபுரம் கத்தோலிக்கக் கோவிலில் குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமே போதும். நடுவில் பெந்தகொஸ்தே சபைக்குப் போனதால் அது அழிந்துவிடாது.

சிக்கல் உங்கள் கல்யாணத்தில்தான். கணவர் இந்து, ரிஜிஸ்டர் ஆபீசில் மட்டும் நடந்தது என்கிறீர்கள். திருச்சபைக் கணக்கில் அது செல்லாது. அதைச் சரிசெய்யும் வரை நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்க முடியாது. பூசைக்குத் தாராளமாகப் போகலாம். அரண்மனைக்காரன் தெரு அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏற்றுவதையும் விட வேண்டாம்.

கணவர் மதம் மாறத் தேவையில்லை. பங்குத்தந்தை (உங்கள் பகுதிக் கோவில் ஃபாதர்) மூலம் ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வாங்கி, கோவில் கல்யாணத்தை இரண்டு சாட்சிகளோடு எளிமையாக முடிக்கலாம். பந்தல், மேளம் எதுவும் கட்டாயமில்லை (மாமியாரிடம் இதை முதலில் சொல்லுங்கள்!). பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். இதை வீட்டிலேயே அவரிடம் பேசிவிடுங்கள். ஃபாதர் எதிரில் முதல்முறை கேட்டால் முகம் மாறிவிடும்.

அப்புறம், ராயபுரம் பங்கில் ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எழுதி வாங்குங்கள். லேமினேட் செய்த பழையதை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், வார நாளில் போங்கள்.

ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன ஜெபம் மறந்துவிட்டதா? "பல வருடம் ஆச்சு ஃபாதர்" என்று ஆரம்பியுங்கள், மீதியை அவரே கேட்டு நடத்துவார்.