300 கிலோமீட்டர் ஆன்டெனாவும் பாலக்கோட்டு மொட்டை மாடியும்

இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு, டிவியில் படம் வராதது பற்றி. நான்கிலும் யாரோ ஒருவர் "சிக்னல் பிரச்சினைங்க" என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு பொருளை விற்றிருக்கிறார், அல்லது விற்கப் பார்த்திருக்கிறார். அதனால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (பாலக்கோடு பக்கத்து வாசகர்): இணையத்தில் "எச்.டி. டிஜிட்டல் ஆன்டெனா" ஒன்றை 1,199 ரூபாய்க்கு வாங்கினேன். 300 கிலோமீட்டர் தூரத்து சிக்னலை இழுக்கும், 200 சேனல் வரும், மாதக் கட்டணமே கிடையாது என்று போட்டிருந்தது. ஜன்னலில் வைத்துப் பார்த்தேன், மொட்டை மாடியில் கம்பம் நட்டும் கட்டிப் பார்த்தேன். தேடவிட்டால் "சேனல் 0" என்றே வருகிறது. விற்றவரைக் கேட்டால், "உங்க ஏரியா டிரான்ஸ்மிட்டர்ல சிக்னல் பிரச்சினை, பூஸ்டர் போட்டா சரியாயிடும்" என்கிறார். திருப்பி அனுப்பும் 7 நாளும் முடிந்துவிட்டது. பூஸ்டர் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். டிரான்ஸ்மிட்டரில் பிரச்சினை வர வேண்டுமென்றால் முதலில் டிரான்ஸ்மிட்டர் என்று ஒன்று இருக்க வேண்டுமே!

மீன்முள் மாதிரி அலுமினியக் கம்பி வைத்த பழைய ஆன்டெனா ஒரு காலத்தில் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்தது. தூர்தர்ஷன் தரையில் கோபுரம் நட்டு ஒளிபரப்பியதை அது பிடித்தது. அந்தப் பழைய அனலாக் கோபுரங்களை, பாதுகாப்புக் காரணங்களுக்காக வைத்துக்கொண்ட 50 இடங்கள் நீங்கலாக, நாடு முழுவதும் 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாக தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்து, படிப்படியாக மூடியும் விட்டது. எங்கள் வீட்டு ஆன்டெனாவின் குழாய் இப்போது அவரைப் பந்தலுக்குக் கால்.

சரி, டிஜிட்டலில் வருமே என்பீர்கள். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை தூர்தர்ஷன் 2016-இல் 16 நகரங்களில் தொடங்கியது. அவற்றில் நமக்குப் பக்கம் என்றால் பெங்களூரும் சென்னையும்தான். பாலக்கோட்டிலிருந்து பெங்களூர் நேர்க்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர், சென்னை ஏறக்குறைய 250. "அப்போ 300 கிலோமீட்டர் ஆன்டெனாவுக்கு இரண்டுமே வர வேண்டுமே" என்று தோன்றும். விளம்பரம் எழுதியவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

டிவி அலை ஏறக்குறைய நேராகப் போவது. பூமியோ உருண்டை. சமதரையில் 150 மீட்டர் உயரக் கோபுரமும் 10 மீட்டர் உயரத்தில் உங்கள் ஆன்டெனாவும் இருந்தால், ஒன்றையொன்று "பார்க்கக்கூடிய" தூரம் 60 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு அப்பால் அலை உங்கள் தலைக்கு மேலே போய்விடும். இது சமதரைக் கணக்கு. நமக்கும் பெங்களூருக்கும் நடுவிலோ ராயக்கோட்டைப் பக்கத்து மலைகள் நிற்கின்றன. பெங்களூர் மேட்டில் இருக்கிறது, நாம் அந்த மேட்டின் விளிம்புக்குக் கீழே இருக்கிறோம். ஆன்டெனா என்பது வெறும் உலோகத் துண்டு. வந்து சேர்ந்த அலையைத்தான் அது பிடிக்கும், வராததைப் போய் அழைத்து வராது. பூஸ்டரும் அப்படித்தான்: கையில் இருப்பதைப் பெருக்கும். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினால் என்ன?

இப்படி விற்கும் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி இடங்களுக்கானவை. அங்கே ஊருக்கு ஊர் கோபுரம் உண்டு, டஜன் கணக்கில் இலவச சேனலும் உண்டு. அந்த ஊர் விளம்பரத்தை அப்படியே பாலக்கோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம், பணம். 7 நாள் என்பது அந்தக் கடையின் விதி. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வேறு சொல்கின்றன: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்ப வாங்கிக்கொள்ளவும் பணத்தைத் தரவும் விற்றவர் மறுக்கக் கூடாது. அந்த இணையதளம் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

எனவே இன்றைக்கே, இதைப் படித்து முடித்ததும், அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். "300 கிலோமீட்டர்", "200 சேனல்" என்ற வரிகள் தெளிவாகத் தெரியட்டும். நாளைக்கு அந்த வரிகள் அங்கே இருக்கும் என்று நம்பாதீர்கள். டிவி தேடி முடித்து "சேனல் 0" காட்டுவதை போனில் வீடியோ பிடியுங்கள். புகாரில் "சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள், உடனே "இப்படி மாட்டிப் பாருங்கள், அப்படித் திருப்பிப் பாருங்கள்" என்று பாடம் ஆரம்பித்துவிடுவார்கள். "விளம்பரத்தில் சொன்ன 200 சேனல் இந்தப் பொருளில் வரவில்லை, பணத்தைத் திருப்புங்கள்" என்று எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஆக உங்களுக்கு தருமபுரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் 1,199 ரூபாய்க்காக நான்கு முறை வேலையை விட்டுவிட்டு தருமபுரிக்கு பஸ் ஏறுவது கட்டுப்படியாகுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், 1915 வரை ஒரு பைசா செலவில்லை. அதுவரை விடாதீர்கள்.

மாதக் கட்டணம் இல்லாத டிவிதான் வேண்டும் என்றால் அதற்கு வழி தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் குடை, செயற்கைக்கோளிலிருந்து நேரே வரும் இலவச சேவை. 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அப்போது பெயர் டிடி டைரக்ட் பிளஸ். குடை, பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே தடவை 2,000 ரூபாய் போல ஆகும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அதில் வரும் தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்தி. டிடி தமிழ் வரும். மெகா சீரியலுக்காக வாங்குவதாக இருந்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

கேள்வி (போச்சம்பள்ளி வாசகி): ஃப்ரீ டிஷ் மாட்டி 3 வருடம் ஆகிறது. நன்றாக வந்த படம் இப்போது கட்டம் கட்டமாக உடைகிறது, உறைந்து நிற்கிறது. மெக்கானிக் இரண்டு தடவை எல்.என்.பி. (குடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் சின்ன பாகம்) மாற்றி, தடவைக்கு 450 ரூபாய் வாங்கினார். இப்போது பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார். பெட்டியில் பார்த்தால் ஸ்ட்ரென்த் 85, குவாலிட்டி மட்டும் 20-க்கும் 40-க்கும் நடுவே ஆடுகிறது.

பதில்: அம்மா, அந்த இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பியதற்கு நன்றி. பாதி வேலை அதிலேயே முடிந்தது. ஸ்ட்ரென்த் என்பது ஒயர் வழியாக ஏதோ ஒன்று பெட்டிக்கு வருகிறது என்று மட்டும் சொல்லும். வெறும் இரைச்சலாக இருந்தாலும் 85 காட்டும். படத்துக்குக் கணக்கு குவாலிட்டிதான். அது பூஜ்யமாகவே நின்றால் குடை தப்பான இடத்தைப் பார்க்கிறது என்று சந்தேகப்படலாம். உங்களுடையது ஆடுகிறது. அதாவது சரியான செயற்கைக்கோளைத்தான் பார்க்கிறது, நடுவில் ஏதோ தடுக்கிறது. பெட்டி மேல் பழி போட இதில் ஒன்றுமே இல்லை.

வீட்டுப் பக்கத்தில் மாமரம் இருக்கிறதா? போச்சம்பள்ளி என்கிறீர்கள், இல்லாமல் இருக்காது.

காரிமங்கலத்தில் எங்கள் சித்தி வீட்டில் இதே கதை நடந்தது. மாட்டியபோது மரம் சின்னது. மூன்று மழை பார்த்ததும் எழும்பிவிட்டது. வந்தவர் குடையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதற்கு நேர் எதிரே இருந்த கிளைகளை எல்லாம் வெட்டச் சொன்னார். பிஞ்சு விட்டிருந்த கிளைகள். சித்தி அழாத குறை. வெட்டியும் படம் வரவில்லை. காரணம், இந்தக் குடைகள் முகம் பார்க்கும் திசையில் பார்ப்பதில்லை. கண்ணாடியில் பட்டுத் தெறிப்பது போல, முகம் பார்க்கும் திசையைவிட நன்றாக உயரத்தில் இருந்து வருவதைத்தான் வாங்கி எல்.என்.பி.க்கு அனுப்புகின்றன.

ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் பகுதியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கு. குடைக்குப் பக்கத்தில் தென்கிழக்கு பார்த்து நின்று தலையை நன்றாக அண்ணாந்து பாருங்கள்: உச்சியிலிருந்து அடிவானம் வரை நான்கு பங்காக்கினால், உச்சியிலிருந்து ஒரு பங்கு இறங்கிய இடம். அங்கே வானம் தெரிய வேண்டும். இலை தெரிந்தால் அதுதான் உங்கள் "எல்.என்.பி. ரிப்பேர்".

வருடத்தில் இரண்டு தடவை இதைச் சூரியனே காட்டிக் கொடுக்கும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், காலை 11 மணி வாக்கில், சூரியன் அந்தச் செயற்கைக்கோள் நிற்கும் இடத்தைக் கடந்து போகும். அந்த நேரம் குடை மேல் மர நிழல் விழுந்தால் மரம்தான் குற்றவாளி. (அந்தச் சில நாட்களில் சூரிய இரைச்சலால் எல்லா வீட்டிலும் சில நிமிடம் படம் போய்விட்டு தானாகவே வரும். அதற்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் உண்டு.)

மரத்தை வெட்ட வேண்டாம். செயற்கைக்கோள் அவ்வளவு உயரத்தில் இருப்பது நமக்கு நல்லது: 5 அடி தள்ளி நிற்கும் மரம், குடையைவிட 12 அடி உயர்ந்தால்தான் மறைக்கும். 10 அடி தள்ளி நின்றால் 24 அடி உயர வேண்டும். ஆகவே குடையை மாடியின் மறு ஓரத்துக்கு நகர்த்தினாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும். நகர்த்தும்போது மறுபடி திசை பிடிக்க வேண்டும், அதற்குக் கூலி கொடுங்கள், நியாயம். குவாலிட்டி எண் எவ்வளவு வந்தது என்று மெக்கானிக் முன்னாலேயே பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மரமே இல்லையென்றால் அடுத்தது ஒயர். எல்.என்.பி.யில் திருகியிருக்கும் முனையைக் கழற்றி நடுக்கம்பியைப் பாருங்கள். பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தாலோ, கறுத்திருந்தாலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. அரை அடி வெட்டிவிட்டுப் புது முனை போட்டால் போதும். ஒயர் சுவருக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறட்டும். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. கனமழையில் பத்து நிமிடம் படம் போவது மட்டும் யார் கையிலும் இல்லை. இந்த அலையின் நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு, பெரிய மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும்.

பெட்டியை மாற்ற ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு. உங்களுடையது பழைய எம்பெக்-2 (படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறை) பெட்டியாக இருந்தால், புதிய முறையான எம்பெக்-4-இல் வரும் சேனல்கள் அதில் தெரியவே தெரியாது. அது சேனல் குறையும் பிரச்சினை, படம் உடையும் பிரச்சினை அல்ல.

கேள்வி (ஓசூர் வாசகர்): பெங்களூர் பக்கத்தில்தானே இருக்கிறோம், தரைவழி டிஜிட்டல் எங்களுக்கு வருமா? அதற்கேற்ற டிவியாகப் பார்த்து வாங்க நினைக்கிறேன்.

பதில்: நேர்க்கோட்டில் 35 கிலோமீட்டர் சொச்சம், நீங்களும் அதே மேட்டில்தான் இருக்கிறீர்கள். உயரமான மாடியில் நல்ல ஆன்டெனா வைத்தால் வர வாய்ப்பு உண்டு. ஆனால் வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய தூர்தர்ஷன் சேனல்கள்தான். கன்னடத்துக்கு சந்தனா உட்பட அவையெல்லாம் ஃப்ரீ டிஷ்ஷிலேயே கிடைக்கும். இதற்காகத் தனியாக டிவி தேடுவதை நான் வீண் செலவு என்பேன்.

அதற்குப் பதில், செயற்கைக்கோள் டியூனர் உள்ளேயே வைத்த டிவியா என்று கேளுங்கள். விவரப் பட்டியலில் டிவிபி-எஸ்2 என்று இருக்கும். குடையிலிருந்து வரும் ஒயரை நேரே டிவியில் சொருகினால் ஃப்ரீ டிஷ் வந்துவிடும், தனிப் பெட்டியும் தனி ரிமோட்டும் மிச்சம். இதற்கென இந்திய தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்ற தரத்தையே 2022-இல் கொண்டுவந்தது. கடைக்காரர் "எல்லா டிவியிலயும் இருக்குங்க" என்றால், பின்னால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திருகும் மரை வைத்த துளை இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் எல்.என்.பி. அல்லது சாட்டிலைட் என்று எழுதியிருக்க வேண்டும். "டிஜிட்டல் டிவி" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

கேள்வி (பாப்பாரப்பட்டி வாசகர்): எங்களுக்கு கேபிள். சாயங்காலமானால் சில சேனல் மட்டும் உடைகிறது. கேபிள்காரர், "மெயின்லயே சிக்னல் கம்மி, பூஸ்டர் வாங்கி மாட்டுங்க" என்கிறார். வீட்டில் இரண்டு டிவி.

பதில்: அடுத்த வீட்டில் அதே சேனல் எப்படி வருகிறது என்று அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். அங்கேயும் உடைந்தால் அது அவர் லைனில் உள்ள கோளாறு. சரிசெய்வது அவர் வேலை, பூஸ்டர் உங்கள் செலவு ஆகாது. அங்கே நன்றாக வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். இரண்டு டிவி என்கிறீர்கள், ஆகவே ஒயரை நடுவில் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று எங்கேயாவது இருக்கும். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு டிவிக்கும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். அதைக் கழற்றிவிட்டு, ஒயரை நேராக ஒரு டிவிக்கு மட்டும் கொடுத்து ஒரு சாயங்காலம் பாருங்கள். படம் உடையாமல் வந்தால் ஐம்பது, அறுபது ரூபாயில் நல்ல ஸ்ப்ளிட்டர் மாற்றிக்கொள்ளலாம், கேபிள்காரரைத் திட்டியதையும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.