தாம்பாளத்தில் தண்ணீர் நிற்காத சாலட்

கேள்வி: கொடைக்கானல் வில்பட்டியில் இருக்கிறோம். அப்பாவின் மணிவிழா முடிந்து அன்று மாலை வீட்டில் 12 பேர் சாப்பிடுகிறார்கள். நடுவில் பெரிய தட்டு வைத்து, காய்கறி சாலட்டும் மென்மையான சீஸும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி அழகாக வைக்க ஆசை. போன முறை இலை வதங்கியது, ஃப்ரீசரில் வைத்திருந்த சீஸ் உதிர்ந்து தண்ணீர் விட்டது, பீட்ரூட் நிறம் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. தங்கைக்கு ஏழாம் மாதம். அவள் சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம். அதை அடக்கிவிட்டால் அழகு தானாக வரும்.

முதலில் சீஸ். மென்மையான சீஸை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது அதன் இழை உடைந்துவிடுகிறது. நல்ல பால் கிடைக்கும் ஊரில் இருக்கிறீர்கள், வீட்டிலேயே செய்யுங்கள். 2 லிட்டர் கொழுப்பு எடுக்காத பாலைப் பொங்கவிட்டு அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சை நிறத் தண்ணீர் தெளிந்து பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் புளிப்பு சேர்த்தாலோ, திரும்பக் கொதிக்கவிட்டாலோ ரப்பர் மாதிரி ஆகிவிடும். மெல்லிய வேட்டித் துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, முக்கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். மேலே கனம் வைத்து அழுத்தினால் பனீர் ஆகிவிடும், நமக்கு வேண்டியது அதுவல்ல. உப்பும் இரண்டு கரண்டி ஃப்ரெஷ் கிரீமும் சேர்த்துக் கையால் பிசைந்தால், ஆளுக்கு 30 கிராம் வீதம் தாராளமாக வரும்.

இலைக்கு வருவோம். லெட்டூஸைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டால் விறைப்பாகிவிடும். அதன்பின் காயவைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சுத்தமான துணிப்பையில் போட்டு, வாசலில் நின்று நாலு சுற்று சுழற்றுங்கள். அப்புறம் துண்டில் சுருட்டி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது, வழிந்து அடியில்தான் தேங்கும்.

கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பீட்ரூட் வேக நெடுநேரமாகும் என்பதால் குக்கரில் வையுங்கள். தோலும் வாலும் நறுக்காமல் வேகவைத்தால் நிறம் கசியாது. ஆறியபின் தோலுரித்து, வெட்டி, துணியில் ஒற்றி, கடைசியாகத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். சீஸ் பக்கம் வேண்டாம்.

மலைப்பூண்டைப் பச்சையாகப் போட்டால் காரம் மற்ற எல்லாச் சுவையையும் அடித்துவிடும். பத்துப் பல்லை எண்ணெயில் சிறு தீயில் குழைய வதக்கி மசியுங்கள். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு. இந்தப் பூண்டு எண்ணெயை அன்றே தீர்த்துவிடுங்கள், வெளியே வைத்திருந்து மறுநாள் பயன்படுத்துவது ஆபத்து.

குவியலாகக் கொட்டினால் அடி இலை நசுங்கிவிடும். ஒரே தட்டுக்குப் பதில் இரண்டு தாம்பாளங்களில் பரப்புங்கள். சீஸை வெட்டாமல் கரண்டியால் ஐந்தாறு இடத்தில் வைத்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் எட்டும். தாண்டிக்குடிப் பக்கத்து வெண்ணெய்ப்பழம் கிடைத்தால் கடைசி நிமிடத்தில் நறுக்கி எலுமிச்சை தடவுங்கள். பேரிக்காயும் சீஸும் எனக்கு மிகப் பிடித்த ஜோடி. பூண்டு எண்ணெயைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும். சீஸை மட்டும் அரை மணி முன்பே வெளியே எடுங்கள், சில்லென்று இருந்தால் சுவை தெரியாது.

தங்கை சாப்பிடலாம். கொதித்த பாலில் அன்றே செய்து, சுத்தமான கையால் பிசைந்து, அதுவரை ஃப்ரிட்ஜில் இருந்த சீஸ் என்றால் பயமில்லை. கடைச் சீஸ் என்றால் பாஸ்டரைஸ் செய்த பால் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். கமம்பேர், பிரீ போல வெள்ளைப் பூஞ்சைத் தோல் உள்ளவை எப்படியிருந்தாலும் வேண்டாம். அவருக்கான இலையை ஓடும் நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள்.