வலிக்கு என்ன ஆதாரம்? – நுகர்வோர் கேள்வி-பதில்

மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை அது மட்டும்.

கேள்வி: இந்த ஆபரேஷனுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் மேடம்.

பதில்: தோற்றத்துக்காக என்றால் கிடையாது. உடல் உபாதைக்காக என்று நிரூபித்தால் சில பாலிசிகளில் கிடைக்கும். உங்கள் பாலிசியைப் பார்க்காமல் ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு ஜோசியம் தெரியாது.

கேள்வி: பல வருஷமாகக் கழுத்திலும் தோளிலும் வலி. பிரா பட்டை அழுந்தித் தோளில் பள்ளமே விழுந்துவிட்டது. மார்புக்கு அடியில் வியர்வையால் புண் வந்துகொண்டே இருக்கிறது. டாக்டர் ஆபரேஷன்தான் வழி என்கிறார். முன் அனுமதி கேட்டால், 'இது அழகு சிகிச்சை' என்று மறுத்துவிட்டார்கள்.

பதில்: தோளில் பள்ளம் விழுந்தவரிடம் அழகைப் பற்றிப் பேச எப்படித்தான் மனசு வருகிறதோ! சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று மறுப்புக் கடிதத்தில் பாருங்கள். அதைத் தவறவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.

அப்புறம் காகிதம் சேருங்கள். எலும்பு டாக்டர், தோல் டாக்டர் எழுதிய சீட்டுகள், பிசியோதெரபிக்குப் போன தேதிகள், மருந்து பில்கள், பள்ளமும் புண்ணும் தெரிகிற மருத்துவப் படங்கள், எல்லாம் வேண்டும். ஆறு வாரமோ மூன்று மாதமோ வேறு சிகிச்சை செய்து பார்த்தும் பலிக்கவில்லை என்ற பதிவைத்தான் பல நிறுவனங்கள் தேடுகின்றன. சர்ஜனின் கடிதத்தில் 'மார்பகம் பெரிது' என்று மட்டும் இருந்தால் எடுபடாது. எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, எது பலிக்கவில்லை, எத்தனை கிராம் திசு எடுக்கப் போகிறார் என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். மறுபடியும் மறுத்தால், நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைதீர்ப்பாளரிடமோ மறுஆய்வு அமைப்பிடமோ போங்கள். முதல் மறுப்போடு ஓய்ந்துவிடாதீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பாலிசியைப் படித்தேன். முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம்.

பதில்: படிக்க நல்ல நேரம் பார்த்தீர்கள். இது அவசர சிகிச்சை இல்லை, தேதி குறித்துச் செய்வது. விண்ணப்பித்துப் பாருங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு பக்கத்துக்கு 500 கிராம் எடுத்தால்தான் பணமாம். எனக்கு 350 தான் வரும் என்கிறார் டாக்டர். கூட்டி எழுதச் சொல்லலாமா?

பதில்: கூடாது. எடுத்த திசு ஆய்வகத்துக்குப் போகும், எடை அறிக்கையில் வந்துவிடும். பொய் என்று தெரிந்தால் பாலிசிக்கே ஆபத்து.

ஆனால் இந்த எடைக் கணக்கின் மேல் எனக்கு நெடுநாள் ஆத்திரம் உண்டு. 1991இல் பால் ஷ்னூர் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனும் சகாக்களும், மற்ற சர்ஜன்களிடம் விவரம் திரட்டி ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடலின் பரப்பளவு 1.6 சதுர மீட்டர் என்றால் ஒரு மார்பகத்துக்குச் சுமார் 310 கிராம், 2 சதுர மீட்டர் என்றால் 628 கிராம் என்று போகும். அதற்கு மேல் எடுத்தால் மருத்துவக் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இன்சூரன்ஸ்காரர்கள் அதைச் சட்டப் புத்தகமாக்கிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, ஆளின் உடல்வாகைப் பார்க்கிறது. சில நிறுவனங்களோ குட்டையோ நெட்டையோ எல்லாருக்கும் 500 என்று ஒரே கோடு போடுகின்றன. சிறிய உடம்புக்கு 350 கிராம் என்ன லேசா? குறைவாக எடுத்தவர்களுக்கும் வலி குறைகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கமே எடையை விட்டு உபாதைகளைப் பார்க்கச் சொல்கிறது. தராசுக்கு முதுகுவலி தெரியுமா?

உங்கள் உயரம், எடையை வைத்துப் பரப்பளவைக் கணக்கிட்டுத் தரும்படி சர்ஜனிடம் கேளுங்கள். அந்த அட்டவணைப்படி 350 போதும் என்று வந்தால், அதையே மேல்முறையீட்டில் வையுங்கள்.

கேள்வி: மார்பகத்தைக் குறைக்கும் கிரீம் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். பலன் தெரியவில்லை.

பதில்: தெரியாது. எந்தக் கிரீமும் மார்பகத்தைக் குறைக்காது. முதுகை நிமிர்த்தும் என்று நான் வாங்கிய பெல்ட்டும் அக்குளை அறுத்ததுதான் மிச்சம்.

கேள்வி: புற்றுநோயால் ஒரு மார்பகத்தை எடுத்துச் சீரமைத்தார்கள். சமமாக இருக்க மற்றதைக் குறைக்க வேண்டும். அதை அழகு சிகிச்சை என்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் திட்டம், மறுபக்கத்தைச் சமன் செய்யவும் தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1998இல் சட்டமே வந்துவிட்டது. நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் பாலிசியின் விலக்குப் பகுதியைப் பாருங்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு நீங்கலாகத்தான் அழகு சிகிச்சை கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கும். அந்த வரியை அப்படியே எடுத்து எழுதி, புற்றுநோய் டாக்டரின் கடிதத்தோடு அனுப்புங்கள்.

கேள்வி: புதிதாகப் பாலிசி எடுக்கிறேன். 'எல்லாம் கவர் ஆகும்' என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: பல் சிகிச்சை உண்டு என்று சொல்லி என்னிடமும் ஒரு பாலிசியை விற்றார்கள். உண்டுதான், விபத்தில் பல் உடைந்தால்! மார்பகக் குறைப்பு உண்டா, எந்த நிபந்தனையில் என்று நிறுவனத்துக்கே ஈமெயில் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள உபாதைக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்றும் கேளுங்கள். வலி இருப்பதை மட்டும் விண்ணப்பத்தில் மறைத்துவிடாதீர்கள், பின்னால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.