காக்கா என்ன யோசித்தது?

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கையில் கிடைக்கிற தாளில் எல்லாம் கதை எழுதுகிறாள். இதுவரை பதினான்கு கதைகள் சேர்ந்துவிட்டன. அவளுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு அவற்றைப் புத்தகமாகக் கொண்டுவர ஆசை. ஒரு பதிப்பாளர் நூறு பிரதி அடித்து 'இளம் எழுத்தாளர்' சான்றிதழும் தருவதாகச் சொல்கிறார். செலவு நம்முடையது. செய்யலாமா? ர, ற குழப்பம் அவளுக்கு நிறைய இருக்கிறது, ஆங்கிலமும் கலந்து எழுதுகிறாள். எப்படித் திருத்துவது? நான் சரிசெய்து தட்டச்சு செய்த கதை ஒன்றையும், அதே கதையின் கையெழுத்துப் பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒரு முன்னுரை தந்தால் குழந்தைக்குப் பெரிய ஊக்கமாக இருக்கும்.

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பிக்கு,

ர, ற தானாக வரும். உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடத்தில் நான் திருத்தித்தான் மேலே போட்டிருக்கிறேன், அதனால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆங்கிலக் கலப்பும் அப்படித்தான். வீட்டில் நீங்கள் பேசுவதை அவள் எழுதுகிறாள். அதை விடுங்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். உங்கள் மகள் எழுதியது இது: "காக்கா கரண்டு கம்பில உக்காந்து யோசிச்சிது. யோசிச்சிகிட்டே இருந்துச்சி. அப்பரம் சாயங்காலம் ஆயிடுச்சி. காக்கா வீட்டுக்கு போவல." நீங்கள் சரிசெய்தது இது: "அது ஓர் அழகிய மாலைப்பொழுது. காகம் ஒன்று மின்கம்பியில் அமர்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தது." கடைசியில், "ஆகவே குழந்தைகளே, ஒற்றுமையே பலம்."

கதையில் இருப்பது ஒரே ஒரு காக்கா. ஒற்றுமை எங்கிருந்து வந்தது தம்பி?

அவள் ஒரு முழுப் பகலை அந்தக் காக்காவின் தலைக்கு மேலே ஓட்டிக் காட்டியிருக்கிறாள். 'யோசிச்சிகிட்டே இருந்துச்சி' என்று இரண்டாம் தடவை சொல்கிறாள் பாருங்கள், அங்கேதான் பொழுது நகர்கிறது. நீங்கள் மாலையைத் தூக்கி முதல் வரியில் வைத்துவிட்டீர்கள். முடிந்தது. இனி அந்தக் காக்கா எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

உங்களை மட்டும் திட்டவில்லை. என் மகள் ஒன்பது வயதில் எழுதிய கதையை, கொஞ்சமே கொஞ்சம் தட்டிக்கொட்டி, ஒரு வார இதழின் சிறுவர் பக்கத்துக்கு அனுப்பியவள்தான் நான். அச்சில் வந்தது. பெருமையாக அவள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது நான் எழுதலையே" என்றாள். கோபம்கூட இல்லை, தகவல் சொல்வதுபோல. பிறகு அவள் நோட்டு என் கண்ணில் படவே இல்லை. இப்போது பல் மருத்துவர். எழுதுவதில்லை. அதற்குக் காரணம் நான் இல்லை என்று அவளே சொல்கிறாள். நானும் நம்புவதுபோல் இருக்கிறேன்.

போன வாரம் ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர் வீட்டைக் காலி செய்தோம். பரணில் அம்மாவின் சுளகு, உங்கள் பக்கம் முறம் என்பார்கள், கிடைத்தது. அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் உங்கள் கடிதம் தொட்டது. இல்லையென்றால் முன்னுரை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதே இல்லை.

அம்மா பீடி சுற்றினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலை, ஒரு ஓரத்தில் தூள். பள்ளிவிட்டு வந்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்து முனை மடித்துக் கொடுக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 1,000 சுற்றினால்தான் அன்றைக்குக் கணக்கு சேரும். பள்ளியில் என் கட்டுரை நோட்டைச் சிவப்பு மையால் கோடு கோடாக இழுத்துத் தந்துவிட்ட ஒரு சாயங்காலம், அழுதுகொண்டே அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். அவளுக்குச் சிவப்பு மையும் ஒன்றுதான், கறுப்பு மையும் ஒன்றுதான். கை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்திய இடத்தில், "பெறவு?" என்றாள்.

பிறகு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஆனால் அந்தப் 'பெறவு'க்காக அங்கேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். காட்டில் வழி தவறிப்போன ஒரு பையனின் கதை. புலி வருகிறது, பூதம் வருகிறது, எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்குகிறேன். அம்மா அசரவில்லை. கடைசியில் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே, "அந்தப் புள்ள மத்தியானம் என்னத்தத் தின்னுச்சு?" என்று கேட்டாள்.

முப்பது வருடமாக எழுதுகிறேன். இதைவிடப் பெரிய விமரிசனம் எனக்கு வந்ததில்லை. இன்றைக்கும் ஒரு கதையை முடித்ததும், இவர்கள் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு தடவை தேடிப் பார்ப்பேன். பாதிக் கதைகளில் எல்லோரும் பட்டினி.

கேட்பதற்கு ஆள் வேண்டும் தம்பி. அதைத்தான் சொல்ல வருகிறேன். 'அந்த அம்மா படிக்காதவர், அதனால் அப்படிக் கேட்டார், நானோ படித்தவன்' என்று நீங்கள் நினைக்காதீர்கள். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தம் ஊரான யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே ஒரு நாள், 'கரண்டியால் ஊட்டுவான், காம்பால் கண்ணைக் குத்துவான்' என்ற பழமொழியை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தார். பையன்கள் தோள்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள், அது சரியில்லை இது சரியில்லை என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஃபெட்கா, செம்கா என்ற இரண்டு பிள்ளைகள் சொல்லச் சொல்ல டால்ஸ்டாய் எழுதுகிற ஆளாகிவிட்டார். ஏழு மணிக்கு உட்கார்ந்தவர்கள் பதினொரு மணிவரை எழுந்திருக்கவில்லை. கதையில் ஒருவன் வெளியே கிளம்பும்போது பெண்கள் போடும் ரோமக் கோட்டை மாட்டிக்கொண்டு போகிறான் என்றான் ஃபெட்கா. ஆம்பளை எதற்குப் பெண்பிள்ளை கோட்டைப் போடுகிறான்? நீங்களாக இருந்தால் 'மேலங்கி' என்று திருத்தியிருப்பீர்கள். அந்த ஒரு கோட்டில் ஒரு குடும்பமே தெரிகிறது என்று டால்ஸ்டாய்க்குப் பிடிபட்டது. செவஸ்தபோல் போரைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியிருந்த மனிதர். குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்று 1862இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

அந்தக் கையெழுத்துப் பிரதி என்னவாயிற்று தெரியுமா? வேறு பையன்கள் அந்தத் தாள்களை மடித்துக் காகிதச் சேவல் செய்து, கடைசியில் அடுப்பிலும் போட்டுவிட்டார்கள். டால்ஸ்டாய் நொந்துபோனார். ஃபெட்காவும் செம்காவும் ராத்திரி அவர் வீட்டுக்கே வந்து, சிரித்துக்கொண்டே திரும்ப எழுதினார்கள். பிள்ளைகளுக்குத் தாள் போனது பெரிதில்லை, இன்னொரு ராத்திரி கிடைத்தது.

டால்ஸ்டாயும் அச்சடித்தாரே என்று கேட்பீர்கள். அடித்தார். அந்தப் பெண்பிள்ளை கோட்டை மாற்றாமல் அடித்தார். கடைசியில் ஒற்றுமையே பலம் என்று சேர்க்கவில்லை. அப்பாவிடம் காசு வாங்கிச் சான்றிதழும் கொடுக்கவில்லை.

அந்தச் சான்றிதழ்க்காரரிடம் போகாதீர்கள். எட்டு வயதில் 'எழுத்தாளர்' என்று கழுத்தில் மாலை விழுந்துவிட்டால், ஒன்பது வயதில் அந்தப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதும். அந்தப் பணத்துக்குக் கோடு போடாத நோட்டு வாங்குங்கள். சாக்கலேட் அட்டை, பால் கணக்கு அட்டை எதில் எழுதினாலும் தூக்கிப் போடாதீர்கள். முன்னுரை தர மாட்டேன். வருத்தப்படாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் எடுத்த படத்தில் பக்கம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. 'காக்கா வீட்டுக்கு போவல'வுக்குக் கீழே ஒரு வரியின் தலை மட்டும் தெரிகிறது, ஒரு 'ஏ'யோ 'எ'யோ. முழுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். தட்டச்சு செய்ய வேண்டாம். அவள் அடுத்த பக்கம் எழுதவில்லை என்றால், ஆலங்குளத்து அத்தை ஒருத்தி காக்கா என்ன யோசித்தது என்று கேட்டாள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா